மீதமிருந்த ஐந்து குழிகள்

போன மாதம் உங்களில் மூன்று பேர் பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஒருவர் நீச்சல், ஒருவர் கூடைப்பந்து, ஒருத்தி என்னைப்போலவே கோல்ஃப். மூவரும் இந்த நகரத்துக் கல்லூரிகளில் பயிற்சியாளர்களாக அண்மையில் சேர்ந்தவர்கள். பேஸ்மென்ட் சுவரில் மாட்டியிருந்த அணிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த கோல்ஃப் தங்கை ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது தேசியப் போட்டிக்குப் போன அணியெல்லோ அங்கிள்? நாலு பேர் விளையாடலாம். மூண்டு பேர்தானே நிக்கினம்?"

"ஒருத்திக்கு வரமுடியாமல் போச்சுது" என்று சொல்லிவிட்டு, தேநீர் போடும் சாட்டில் நான் மேலே போய்விட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு அது என்னை விடவில்லை. ஓய்வு பெற்ற ஒருவன் தன் வெற்றிக் கதைகளை மட்டும் உங்களிடம் தந்துவிட்டுப் போனால் அதனால் உங்களுக்கு என்ன பயன்? மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, பயிற்சி அட்டவணை போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மத்தியானம் நான் எடுத்த முடிவு ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நகரத்தின் மேற்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினேன். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடிய கை சும்மா இருக்காது. வேலை முடிந்து ஆட்டக்காரர்கள் போனதும், யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய மட்டையால் பந்து அடித்துப் பார்ப்பேன். அங்கே வந்துபோன ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அதைக் கண்டார். கியூபெக்காரர், அதிகம் பேசாதவர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. என்னை முதலில் பந்துக் கூடை தூக்கவும், பிறகு அணியின் வான் வண்டியை ஓட்டவும், பிறகு பிள்ளைகளோடு நடக்கவும் சேர்த்துக்கொண்டார். அவர் ஓய்வு பெற்றபோது பெண்கள் அணி என் கைக்கு வந்தது.

அவரிடம் நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு முறை எங்கள் அணி கிண்ணத்தோடு திரும்பிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள். ஒரு குழிக்குள் பந்தைப் போட ஆறு அடி அடித்துவிட்டு எண்ணிக்கை அட்டையில் ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றாள். வேறு யாருக்கும் தெரியாது. அவர் வானைத் திருப்பச் சொன்னார். வந்த தூரமெல்லாம் திரும்பிப் போய், மூடிக்கொண்டிருந்த மைதான அலுவலகத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு எனக்கு இந்த விளையாட்டு என்னவென்று விளங்கியது.

இனி அனிற்றா. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ட். தகப்பன் சூசை ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை செய்தார். தாய் மேரி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியை நகரசபை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதால் அனிற்றாவுக்கு கோல்ஃப் வந்தது. இரவல் மட்டைகளோடுதான் என் அணிக்கு வந்தாள். மெலிந்த பிள்ளை. பந்தை அதிக தூரம் அடிக்கமாட்டாள். ஆனால் எது நடந்தாலும் முகம் மாறாது. அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் குறைவு.

ஒரு திங்கட்கிழமை, சந்தையில் தனக்கு விடுமுறை என்று சூசை பயிற்சியைப் பார்க்க வந்தார். ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இதிலை ஓடத் தேவையில்லையோ?"

"இல்லை. நடக்கிறதுதான்."

"அப்ப நல்லம். பிள்ளைக்குச் சின்னனிலை மூச்சு இழுப்பு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எத்தினை தரம் அடிச்சதெண்டு ஆர் எண்ணுறது?" என்று கேட்டார்.

"அவையவைதான் எண்ணி எழுதவேணும். பதினெட்டுக் குழி. குறைய அடிச்ச ஆள் வெண்டது."

"தன்ரை பிழையைத் தானே எழுதிறதோ?"

"ஓம்."

"சரியான விளையாட்டு" என்றார். பயிற்சி முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கல்லூரியில் பெண்கள் அணியை மூடிவிடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த வருடமும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால் அடுத்த வருடம் அணி இல்லை என்று விளையாட்டுத் துறைத் தலைவர் என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். தகுதிப் போட்டி ஒக்டோபர் தொடக்கத்தில், நகரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், மலைப்பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்தது. இரண்டு நாள் ஆட்டம். நான்கு பேர் விளையாடலாம், அவர்களில் குறைய அடித்த மூவரின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அணியின் கணக்கு. முதல் நாளே ஒருத்திக்கு மணிக்கட்டுப் பிசகிவிட்டது. அதனால் மற்ற மூவரும் பதினெட்டுக் குழியையும் முடிக்கவேண்டும். ஒருத்தி நின்றாலும் கணக்கே இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், நாங்கள் முன்னுக்கு நின்றோம். அனிற்றா பதின்மூன்றாம் குழியை முடித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி மேப்பிள் மரங்களுக்குக் கீழே நின்றேன். என் சட்டைப்பைக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. மணி பன்னிரண்டு இருபது.

"மாஸ்டர், நான் மேரி. பிள்ளையின்ரை அப்பா சந்தையிலை விழுந்திட்டார். நெஞ்சு நோ எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்திருக்கினம். நான் இஞ்சைதான் நிக்கிறன். அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"கதைக்கிறாரோ?"

"ஓம், கதைக்கிறார். பிள்ளை எங்கையெண்டு கேக்கிறார்."

"சரி தங்கச்சி. நான் பாக்கிறன்" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் நான் நடக்கத் தொடங்கினேன். அவளிடம் சொல்லத்தான் போனேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதின்மூன்றாம் குழியிலிருந்து பதினான்காம் குழி தொடங்கும் மேட்டுக்கு ஏறவேண்டும். இருநூறு அடி தூரம் இருக்கும். அந்த இருநூறு அடிக்குள் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. கதைக்கிறார் என்று சொன்னார்களே, கதைக்கிற ஆளுக்கு என்ன நடக்கப்போகிறது? ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார், வைத்தியர்கள் பார்க்கிறார்கள். இப்போது சொன்னால் பிள்ளை நடுங்கிவிடும், வழியெல்லாம் அழும். ஐந்து குழிதான், ஒன்றே கால் மணித்தியாலம். தகப்பன் எழும்பி உட்கார்ந்து, என்னாலே பிள்ளையின் ஆட்டம் கெட்டது என்று வருந்தினால்?

பாருங்கள், ஒவ்வொன்றும் அவளுடைய நன்மைக்கு என்றே எனக்குத் தோன்றியது. அணி மூடப்படும் என்ற நினைப்பு அந்த இருநூறு அடிக்குள் ஒரு முறைகூட வரவில்லை. அது வராமலே வேலை செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மேட்டில் அவள் மட்டையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "என்ன அங்கிள்?" என்றாள். பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவில் மூச்சு வாங்க ஏறி வந்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். முன்னால் ஒரு குளம். அதைத் தாண்டி அடிக்கவேண்டும்.

"காத்து எதிராலை வருது. இன்னும் தூரம் போற மட்டையை எடு" என்றேன்.

அவள் புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்த்தாள். "ஓம்" என்று சிரித்துவிட்டு மட்டையை மாற்றினாள். பந்து குளத்தைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

நான் தொலைபேசியின் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்தினேன். மைதானத்து விதி அது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஐந்து குழிகளிலும் அவள் ஆடியதுபோல அவள் ஒருநாளும் ஆடியதில்லை. நான் கூடவே நடந்தேன். கடைசிப் பந்தை உள்ளே போட்டதும் மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் தகுதி பெற்றுவிட்டோம். அப்போதுதான் தொலைபேசியை வெளியே எடுத்தேன். தவறிய அழைப்புகள் நான்கு. எல்லாம் ஒரே இலக்கத்திலிருந்து. இரண்டு மணி ஆகியிருந்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். ஆஸ்பத்திரியிலையாம். வா, நான் கொண்டுபோறன்" என்றேன். மற்றப் பிள்ளைகளை உதவிப் பயிற்சியாளர் வானில் கூட்டிக்கொண்டு வருவார். என்னுடைய கார் காலையிலிருந்தே அங்கேதான் நின்றது. இதையும் நீங்கள் கவனிக்கவேண்டும். பன்னிரண்டு இருபதுக்கும் அது அங்கேதான் நின்றது.

காரில் அவள் கேட்டாள். "அம்மா இப்பவோ எடுத்தவ?"

"கொஞ்சம் முந்தி."

அது என் இரண்டாவது பிழை. முதலாவதைப் பயத்தில் செய்தேன் என்று யாராவது எனக்காகப் பேசலாம். இதை நான் தெரிந்தே செய்தேன்.

என் தொலைபேசியிலிருந்து தாய்க்கு எடுத்துப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. நான் வேகமாக ஓட்டினேன், ஆனால் எங்கள் நகரம் இருக்கும் தீவுக்குள் நுழையும் பாலத்தில் வாகனங்கள் நெருங்கி நின்றன. அவள் ஆட்டச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. காருக்குள் புல்லும் மண்ணும். மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு முந்தி ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குள் போனபோது மூன்று முப்பத்தைந்து. மேரி நடைபாதையில் ஒரு கதிரையில் இருந்தார். மகளைக் கண்டதும் எழும்பி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இப்பதானம்மா போனவர். இருபது இருபத்தைஞ்சு நிமிசம்" என்றார்.

அவளுடைய தோளுக்கு மேலாக மேரி என்னைப் பார்த்தார். எத்தனை மணிக்கு என்னிடம் சொன்னார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பன்னிரண்டரைக்குப் புறப்பட்டிருந்தால் இரண்டு மணிக்கு வந்திருப்போம். சூசைக்கு அப்போது இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

அடக்கப் பூசைக்கு அணிப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். தமிழில் பாடியது ஒன்றும் விளங்காமல், கைகளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்கள். சந்தையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். இத்தாலியக் கிழவர் ஒருவர், சூசையின் முதலாளி, சத்தமாக அழுதார். நானும் பெட்டியைத் தூக்கினேன். தூக்காமல் விட்டிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

கல்லூரியில் எனக்குக் கைகொடுத்தார்கள். அணி பிழைத்தது. துறைத் தலைவர் என்னை வழியில் நிறுத்தி, அந்தப் பிள்ளை கடைசி ஐந்து குழிகளில் ஆடியதைப் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள் என்றார். நான் நன்றி சொன்னேன்.

நித்திரை வரவில்லை. என் பழைய பயிற்சியாளரைப் பார்க்கப் போனேன். வானைத் திருப்பிய மனிதர் அல்லவா, அவரைவிட வேறு யாரிடம் கேட்பது? அன்று நடந்ததைச் சொன்னேன். அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

"அவளிடம் சொல்லாதே. அப்பா போய்விட்டார். இப்போது அவளுக்கு இருப்பது இந்த அணி மட்டும்தான். அதையும் ஏன் பறிக்கிறாய்? உன் மனம் லேசாகவேண்டும் என்பதற்காகவா?"

நல்ல மனிதர். அன்பினால்தான் சொன்னார். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நானும் அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு மூன்று கிழமை இருந்தேன்.

மூன்றாம் கிழமை அனிற்றா என் அறைக்கு வந்தாள். ஆட்டத்தை விடப்போகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, "திங்கள்கிழமை தொடக்கம் பயிற்சிக்கு வாறன் அங்கிள். தேசியப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்குத்தானே? அப்பா இருந்தாலும் போகச் சொல்லித்தான் சொல்லுவார்" என்றாள். பிறகு எழும்பப் போனவள் மறுபடி இருந்தாள். "உங்களுக்கு நான் தாங்ஸ் சொல்லேல்லை. அண்டைக்கு எவ்வளவு வேகமாய் ஓடினீங்கள். உங்களாலை ஏலுமானதைச் செய்தீங்கள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்த அறையில் இருக்க என்னால் முடியவில்லை.

"அனிற்றா, அம்மா எனக்கு எடுத்தது பன்னிரண்டு இருபதுக்கு" என்றேன்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எண்டைக்கு?"

"அண்டைக்கு."

"நான் அப்ப எங்கை நிண்டனான்?"

"பதின்மூண்டை முடிச்சுக்கொண்டிருந்தனீ."

அவள் கணக்குப் பார்த்தாள். அவளுடைய கண் அசைவதை நான் கண்டேன். ஒவ்வொரு குழியாக நடந்து போனாள் என்றே நினைக்கிறேன்.

"அப்ப நீங்கள் மேலை ஏறி வந்து... காத்தைப் பற்றிச் சொன்னது?"

"ஓம்."

"அதுக்கு முந்தித் தெரியும்?"

"ஓம். சொல்லத்தான் வந்தனான். சொல்லேல்லை."

அவள் அழவில்லை. ஏன் என்று கேட்பாள், பதில் சொல்லவேண்டும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவள் கேட்கவில்லை. ஜாக்கெட்டைப் போட்டு, அதன் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனாள். அவளுடைய மட்டைகள் கல்லூரி அறையில் இருந்தன. அவற்றை எடுக்கவும் வரவில்லை. மணிக்கட்டு ஆறிய பிள்ளையையும் சேர்த்து, தேசியப் போட்டிக்கு மூன்று பேரோடு போனோம். நீங்கள் பார்த்த படம் அது.

அனிற்றாவிடம் சொன்ன அன்று பின்னேரம் மேரி தொலைபேசியில் எடுத்தார்.

"சொல்லிப்போட்டியள் என்ன?"

"ஓம்."

"நான் அவளுக்குச் சொல்லேல்லை மாஸ்டர். நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொன்னது நல்லம். ஆனால் இனி வீட்டை வரவேண்டாம். கோவத்திலை சொல்லேல்லை. உங்களைக் கண்டால் அவளுக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வரும்."

"விளங்குது தங்கச்சி."

"சரி மாஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் நான் இந்த வேலையில் இருந்தேன். அந்த மூன்று பேரும், அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் விளையாடினார்கள், படித்தார்கள், நல்ல இடங்களுக்குப் போனார்கள். அணி மூடப்படாமல் இருந்ததால் வந்த பிள்ளைகள் அவர்கள். ஆண்டு விழாக்களில் யாராவது என்னைப் புகழும்போது, அந்த அணி எந்த நேரத்தைக் கொடுத்து வாங்கப்பட்டது என்பது அங்கே எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அதை எங்கேயும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொரு நாளையும் சொல்லவேண்டும். ஆறேழு வருடங்களுக்குப் பிறகு, வேறொரு போட்டி. சோஃபி என்று ஒரு கியூபெக் பிள்ளை. பத்தாம் குழியில் அவள் நிற்கும்போது, அவளுடைய தம்பி கார் விபத்தில் சிக்கிவிட்டான் என்று செய்தி வந்தது. என்ன காயம் என்று யாருக்கும் தெரியாது. நான் புல்வெளியின் நடுவால் நேரே போய், பந்தை அடிக்கப்போன அவளை நிறுத்தி, எனக்குத் தெரிந்தது அவ்வளவையும் சொன்னேன். அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் தோற்றோம். தம்பிக்குத் தோள் எலும்பு மட்டும்தான் உடைந்திருந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

சோஃபி என் அறைக்கு வந்து சத்தம் போட்டாள். இது எனது கடைசி வருடம், ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கக் கூடாதா, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். பெற்றோரும் கல்லூரிக்குக் கடிதம் எழுதினார்கள். நான் மறுத்து ஒன்றும் எழுதவில்லை. அவளிடம் மட்டும், "பொறுப்பதா போவதா என்று முடிவெடுக்கவேண்டியது நீ. அந்த முடிவை உன்னிடமிருந்து எடுக்க எனக்கு உரிமை இல்லை" என்றேன். அவளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. கடைசிவரை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி வரும். நீச்சல் குளத்தின் ஓரத்தில் வரலாம், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வரலாம். வந்தால் போய்ச் சொல்லுங்கள். வழியில் யோசிக்காதீர்கள். நன்றி வராது, சில வேளை கடிதம்தான் வரும். பரவாயில்லை. பிள்ளையின் நன்மைக்காக ஒன்றை மறைக்கிறேன் என்று உங்கள் மனம் சொல்லும்போது, அந்த நன்மையில் உங்களுக்கு என்ன பங்கு என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாயிரங்கள் முடிகிற காலத்தில் மேரியும் இறந்துபோனார். பங்குக் கோவிலில் அறிவித்தார்கள். வரவேண்டாம் என்று அவர் சொன்னது வீட்டுக்குத்தான், கோவிலுக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன். அனிற்றா ரொறொன்ரோவிலிருந்து கணவனோடும் பெண் குழந்தையோடும் வந்திருந்தாள். அவளைக் காணாமலே திரும்பிவிடலாம் என்று பூசை முடிந்ததும் காரை நோக்கி நடந்தேன்.

"அங்கிள்."

திரும்பினேன். கறுப்புக் கோட்டோடு, தலையில் பனித் தூள் விழ, தனியாக வந்து நின்றாள்.

"ஒண்டு கேக்கவேணும்."

"கேள் அம்மா."

"அண்டைக்கு அம்மா உங்களோடை கதைச்சவ. என்ன சொன்னவ? ஒண்டும் விடாமல் அப்பிடியே சொல்லுங்கோ. நான் அம்மாட்டை ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டால் அழுவா எண்டு விட்டிட்டன். இனி உங்களைத் தவிரக் கேக்க ஆளில்லை."

சொன்னேன். சந்தையில் விழுந்தது, நெஞ்சு நோ, கூட்டிக்கொண்டு வாங்கோ. "கதைக்கிறாரோ எண்டு கேட்டனான். ஓம், பிள்ளை எங்கையெண்டு கேக்கிறார் எண்டு சொன்னவ."

அவள் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அப்பா கேட்டவரோ?"

"ஓம்."

"வேறை?"

அந்த இடத்தில் என்னால் ஒரு சொல் சேர்த்திருக்க முடியும். விளையாடி முடிக்கட்டும் என்று அப்பா சொன்னவராம் என்று. அவரை அறிந்த யாரும் நம்பக்கூடிய சொல். மறுப்பதற்கும் யாரும் இல்லை. அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்தான்.

"வேறை ஒண்டும் இல்லை" என்றேன்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சரி தங்கச்சி, நான் பாக்கிறன் எண்டு சொன்னனான்."

அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப நான் வாறன் எண்டு அம்மா அப்பாட்டைச் சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா."

"அப்ப அவர் என்ரை வழி பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்."

"ஓம்" என்றேன்.

கோவில் வாசலில் அவளுடைய கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றான். குழந்தை "மம்மி" என்று கூப்பிட்டது. அவள் முகத்தைத் துடைத்தாள். என்னிடம் தலையை அசைத்துவிட்டு, பனியில் கால் வழுக்காமல் மெதுவாக அவர்களிடம் நடந்து போனாள்.